அளவெடுத்தது சரி, தைத்ததில் கொஞ்சம் பிசகு

இடுப்பு வலிக்காகக் கேரளத்து ஆயுர்வேத வைத்தியசாலை ஒன்றில் பதினாலு நாள் தங்கிவிட்டு வந்தேன். முதலிலேயே அதற்கு மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன். நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வைத்தியருக்கு ஐந்துக்கு ஐந்து. எண்ணெய் தேய்த்த பெண்களுக்கும் ஐந்து. சமையலறைக்கு இரண்டு. மருந்துக் கவுண்டருக்கு ஒன்று. அதுவும் அங்கே உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள் என்பதற்காக.

நான் கோயம்புத்தூரில் தையல்கடை வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக மெஷின்தான். பிளவுஸ், சுடிதார், கல்யாண சீசனில் ஆரி வேலை வைத்த ஜாக்கெட். இடுப்பு வலி எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மோட்டார் மெஷின் வாங்கிய பிறகு அதிகமானது. காலால் மிதித்த வரைக்கும் உடம்பு அசைந்துகொண்டாவது இருந்தது. போன வருஷம் இடது தொடையின் பின்பக்கமாகக் கணுக்கால் வரை சுண்டி இழுக்க ஆரம்பித்ததும் எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் தேவைப்படாது, தினமும் பயிற்சி செய்யுங்கள், ரொம்ப நேரம் உட்காராதீர்கள். நல்ல டாக்டர்தான். உட்காராமல் பிளவுஸ் தைப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் வேலை குறைவு. கேரளத்தில் அதே மாதம் கர்க்கடகம். வைத்தியசாலைகளுக்கு அதுதான் சீசன். நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறி ஷொர்ணூரில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ. பாரதப்புழை ஆற்றுக்குக் கொஞ்ச தூரத்தில், முன்னால் ஓட்டுக் கட்டடமும் பின்னால் புதுக் கட்டடமுமாக ஒரு வைத்தியசாலை. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அந்த டாக்டரம்மா மேல் மரியாதையும் இருக்கிறது. அதனால் இப்படியே இருக்கட்டும்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தரை வருஷ ஆயுர்வேதப் படிப்பு, அதற்கு மேல், உடம்பைச் சுத்தப்படுத்தும் ஐந்து சிகிச்சைகளான பஞ்சகர்மாவில் எம்.டி. பாலக்காட்டுத் தமிழ். என் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முழுதாகப் பார்த்தார். "இதெல்லாம் வேண்டாம்" என்று ஓரமாகத் தள்ளவில்லை. அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முழங்கைத் தோலை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கேள்விகள். பசி தினமும் ஒரே நேரத்துக்கு வருமா, ஒருநாள் வந்து ஒருநாள் ஏமாற்றுமா? ராத்திரி சூடாகப் பால் குடித்தால் காலையில் வயிறு இளகுமா, அப்போதும் அசையாதா? குளிர் தாங்குமா, வெயில் தாங்குமா? கேட்டது சட்டென்று மனசில் ஏறி சட்டென்று மறக்குமா? கனவில் என்ன வரும்? மலைமேல் ஏறுவது, பறப்பது மாதிரி வரும் என்றேன். எதையோ எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டர், இடுப்புதானே வலிக்குது?"

"இடுப்பு யாரோடதுன்னு பார்க்க வேண்டாமா அம்மா?"

அந்த இடத்தில்தான் இந்த வைத்தியம் எனக்குப் பிடிபட்டது. இரண்டு பேருக்கு மார்பளவு 36 என்றே இருக்கட்டும். ஒருத்திக்குத் தோள் சரிவு, இன்னொருத்திக்கு முதுகு லேசாக வளைந்திருக்கும். ஒரே கட்டிங்கில் வெட்டினால் இரண்டில் ஒன்று கண்டிப்பாகத் திரும்பி வரும். இவர்கள் கணக்கிலும் அப்படித்தான். வாதம், பித்தம், கபம் மூன்றும் எல்லார் உடம்பிலும் உண்டு; எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. பிறக்கும்போதே அமைந்துவிடும் அந்த விகிதத்துக்குப் பிரகிருதி என்று பெயர். இன்றைக்கு அது எங்கே விலகி நிற்கிறதோ அது விகிருதி. என்னிடம் வருகிறவர்கள் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்பார்கள். நான் அந்த ஜாக்கெட்டையும் பார்ப்பேன், எதிரே நிற்கிற உடம்பையும் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் வேலை இருக்கிறது. டாக்டரம்மா ஒரு மணி நேரமாகத் தேடியதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

மூன்றுக்கும் சேர்த்து தோஷம் என்று சொன்னதும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, ஜாதகம் கொண்டுட்டு வரலியே." டாக்டரம்மா சிரித்துவிட்டார். தோஷம் என்றால் கெடுக்கக்கூடியது என்று அர்த்தமாம். அளவோடு இருக்கும்வரை உடம்பைத் தாங்குவதும் அதுதான், அளவு மீறினால் கெடுப்பதும் அதுதான்.

எங்கள் வீட்டில் வாயு என்றால் உருளைக்கிழங்கு, அதற்கு மருந்து பெருங்காயம். இவர் சொன்ன வாதம் வேறு. உடம்பில் எது நகர்ந்தாலும் அது வாதத்தின் வேலை: மூச்சு, இமை, மலம் இறங்குவது, கால் விரல் வரை உணர்வு ஓடுவது. எதைச் சூடாக்கினாலும் செரிக்க வைத்தாலும் அது பித்தம். எது வழவழப்பாகவும் கனமாகவும் இருந்து ஒட்டிப் பிடிக்கிறதோ அது கபம். வாதத்தின் குணங்கள் வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, ஓரிடத்தில் நில்லாமை. என் குதிகால் வெடிப்பையும், முழங்கைத் தோலையும், அரைகுறைத் தூக்கத்தையும், ஒருநாள் வந்து ஒருநாள் வராத பசியையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அப்புறம் வைத்தியம் என்பது எதிர்க் குணத்தைக் கொண்டுவருவது. வறட்சிக்கு எண்ணெய், குளிர்ச்சிக்குச் சூடு, ஓட்டத்துக்கு ஓய்வு. சின்ன வயதில் கபம், நடு வயதில் பித்தம், வயதாக ஆக வாதம் தலைதூக்கும். வருஷத்தில் மழைக்காலம் அதற்கு விசேஷம். எனக்கு ஐம்பத்திரண்டு, வெளியே ஆடி மழை. வசமாக மாட்டியிருக்கிறேன்.

எலும்பு பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாப்பிட்டது செரித்து முதலில் ரசமாகிறது, பிறகு ரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, கடைசியில் சுக்கிலம். ஏழு தாதுக்கள். வாய்க்கால் தண்ணீர் முதல் வயல் நிறைந்து அடுத்த வயலுக்குப் பாய்கிற மாதிரி என்று பழைய நூல்களிலேயே ஓர் உவமை இருக்கிறதாம். என் அப்பா கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் முறை பார்த்து விவசாயம் செய்தவர்; இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் அடைப்பு என்றால் கடைமடைக்கு என்ன வரும்? எலும்பு ஐந்தாவது வயல். வாதம் குடியிருப்பதும் எலும்பில்தான். எலும்பு தேயத் தேய வாதம் ஏறுமாம். அதனால்தான் இடுப்பு வலிக்காரியிடம் முதல் கேள்வியே பசியைப் பற்றி.

இது இன்றைய உடற்கூறியலோடு ஒத்துப்போகிறதா என்றால், போகவில்லை. ரத்தம் மாமிசமாகி, மாமிசம் கொழுப்பாகி என்று வரிசையாக மாறுவதாக எந்த நவீனப் பாடமும் சொல்வதில்லை. என் மகள் பி.ஃபார்ம் படிக்கிறாள், போனில் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினாள். ஒருவர் அங்குலத்தில் அளக்கிறார், இன்னொருவர் சென்டிமீட்டரில் அளக்கிறார் என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் இரண்டு டேப்பும் ஒரே இடத்தை அளக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்கேன் என் வட்டைப் பார்த்தது. டாக்டரம்மா நான் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிக்கிறேன் என்று பார்த்தார்.

எப்படிக் கழிக்கிறேன் என்பதில் ஒரு கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "கடையில் இருக்கும்போது மூத்திரம் வந்தா போவீங்களா?" கடையில் பாத்ரூம் இல்லை, பின்பக்க வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆள் நிற்கும்போது போக மாட்டேன். அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டார். கேரள வைத்தியர்கள் தலைமேல் வைத்துக்கொண்டாடும் வாக்படரின் அஷ்டாங்கஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில், அடக்கக்கூடாத வேகங்கள் என்று பதின்மூன்று சொல்லியிருக்கிறதாம். கீழ்க்காற்று, மலம், சிறுநீர், தும்மல், தாகம், பசி, தூக்கம், இருமல், களைப்பில் வரும் மூச்சு, கொட்டாவி, கண்ணீர், வாந்தி, விந்து. அடக்க அடக்க வாதம் வழி தவறும். நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். தீபாவளி நேரத்தில் தூக்கத்தையும் சேர்த்தால் ஐந்து எனக்குப் பொருந்தியது. கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்குப் புதிது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். பதினாலு நாளில் முதல் ஆறு நாள் இலைக்கிழி. நொச்சி, எருக்கு, ஆமணக்கு, புளிய இலைகளை அரிந்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து எண்ணெயில் வதக்கித் துணியில் மூட்டையாகக் கட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நின்று, ஒரே தாளத்தில் அதை உடம்பில் ஒற்றித் தேய்க்கிறார்கள். சூடு ஆற ஆற அடுப்பில் இருக்கும் சட்டியில் ஒற்றி மறுபடி. நான் முதலில் பார்த்தது துணியைத்தான்: கெட்டி காடாத் துணி, நாலு மூலையும் இழுத்து மடக்கி, பிடி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஜாக்கெட் கயிற்று நுனியில் தொங்கும் ஹாங்கிங்கை நான் தைத்துக் கொடுத்தால்கூட அவ்வளவு உறுதியாக நிற்காது.

ஏழாம் நாளிலிருந்து கடிவஸ்தி. கடி என்றால் இடுப்பு. கவிழ்ந்து படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து கயிறாக உருட்டி, வலிக்கிற இடத்தைச் சுற்றி வட்டமாகக் கரை கட்டுகிறார்கள். அதற்குள் சகசராதி தைலம். வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் ஊற்றுவாள். முதுகில் ஒரு குளம் கட்டிய மாதிரி இருக்கும். ஆறியதும் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து எடுத்து, சூடானதை மறுபடி நிரப்புவாள். நாற்பது நிமிஷம். இரண்டாம் தடவை கரை ஒரு பக்கம் விரிந்து எண்ணெய் விலாவில் வழிந்தது. அவள் பதறவில்லை. "அசையாதீங்க சேச்சி" என்று சொல்லி, விரலை ஈரமாக்கி, பிளவைத் தடவி ஒட்டிவிட்டாள். தையல் பிரிகிற இடத்தில் நூலை அறுக்காமல் பிடித்து முடிச்சுப் போடுகிற கை அது. அந்தக் கைக்காகத்தான் ஐந்து மதிப்பெண்.

முடிந்ததும் பயற்றமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். வெந்நீர் கழுத்துக்குக் கீழேதான். தலைக்கு ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் கேடு என்பது அவர்கள் விதி. துவட்டியதும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி ஒரு சிட்டிகை.

வஸ்தியும் ஐந்து நாள் இருந்தது. ஆசனவாய் வழியாக மருந்து எண்ணெய் கொடுப்பது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. பெருங்குடல்தான் வாதத்தின் தலைமையிடம், அதனால் வஸ்தியே பாதி வைத்தியம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் நேரில் கேளுங்கள்.

கஷாயம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். பாட்டிலில் இருந்து 15 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீர் 45 மில்லி. கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902-இல் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கி மருந்துகளைத் தயார் நிலையில் விற்க வழி காட்டியிராவிட்டால், இன்றைக்கும் நாத்தனார்தான் சட்டியில் காய்ச்சிக்கொண்டிருப்பாள். சுவை கசப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய பீரோவுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு வாடை, நாக்கில் அரை மணி நேரம் நிற்கும்.

இப்போது சமையலறை.

ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடந்ததல்லவா? அந்தப் பாடம் சாப்பாட்டுக்கூடத்து வாசற்படி ஏறவில்லை. எனக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் எடுக்கிறேன். அதை நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் சீட்டில் இனிப்பு வேண்டாம், பயறு குறைவாக, எல்லாம் சூடாக என்று எழுதியும் இருந்தது. வந்தது என்ன? ராத்திரி தோறும் கஞ்சியும் பயறும். நாலு மணிக்கு சர்க்கரை போட்ட டீ, அவித்த நேந்திரம்பழம். வெள்ளிக்கிழமை பாயசம். பக்கத்து அறை அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், அவருக்கும் அதே புளிச் சாம்பார். எதிர் அறையில் நூறு கிலோவைத் தாண்டிய ஒரு சார், எடை குறைக்க வந்தவர், அவருக்கும் அதே பாயசம், இரண்டு கரண்டியாக. கேட்டால், "எல்லாருக்கும் ஒண்ணுதான் சேச்சி." இத்தனைக்கும் அந்தக் கூடத்துச் சுவரில், வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காலியாக இருக்கட்டும் என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ரெடிமேட் கடையில் அளவு டேப்பைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டிய மாதிரி. மூன்றாம் நாள் நானே உள்ளே போய்ச் சமையல்காரரிடம் சீட்டைக் காட்டிய பிறகு டீயில் சர்க்கரை நின்றது. பாயசம் நிற்கவில்லை, நாத்தனார் சாப்பிட்டாள். பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்க வைத்த ரோஸ் நிறத் தண்ணீர் மட்டும் அருமை, அதற்குத்தான் அந்த இரண்டு மதிப்பெண்.

கடைசி நாள் கவுண்டரில் ஒரு பை நிறைய மருந்து கட்டி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எழுதியது நாலு. பையில் இருந்தது ஏழு. ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன், வெல்ல வாசனை. லேகியம். லேகியம் என்றாலே பெரும்பாலும் வெல்லத்திலோ சர்க்கரையிலோ கிண்டுவதுதான், அதைச் சர்க்கரைக்காரியின் பையில் போட்டிருக்கிறார்கள். "பேக்கேஜில் வர்றதும்மா, திரும்ப எடுக்க மாட்டோம்." நான் மாடிக்குப் போய் டாக்டரம்மாவையே கூட்டிவந்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தச் சீட்டிலேயே மூன்றையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லேகியமும் சூரணமும் கழிந்தன; 380 ரூபாய்த் தலை எண்ணெய் மட்டும் எப்படியோ பில்லில் தங்கிவிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன். கேட்கத் தெரியாத ஒருத்தி அந்த லேகியத்தைத் தினமும் ஒரு ஸ்பூன் தின்றிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மகள் ஒரு விஷயத்தைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தாள், அதையும் எழுதிவிடுகிறேன். 2004-இல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்தன என்று ஓர் ஆய்வு வந்தது. "மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிறவர்களிடம் அவள் இதைத்தான் எடுத்து வீசுவாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன், என் மருந்தில் உலோகமோ பாதரசமோ சேர்கிற பஸ்மம், செந்தூரம், ரச மருந்து ஏதாவது உண்டா என்று. கோபப்படவில்லை. நாலு பாட்டிலின் லேபிளையும் திருப்பி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கோபப்படுகிற வைத்தியர் என்றால் அங்கேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

செலவு: இருவர் தங்கும் அறையோடு சிகிச்சை ஒரு நாளைக்கு 3,400 ரூபாய், பதினாலு நாளைக்கு 47,600. மருந்து 6,850. நாத்தனார் சாப்பாடு தனி, நாளைக்கு 300 வீதம் 4,200. மொத்தம் 58,650. என் இன்சூரன்ஸ் கை விரித்துவிட்டது. ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் சிகிச்சைக்குக் கொடுக்கிற பாலிசிகள் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி அதில் வருமா என்று போகும் முன்பே கேட்டு வையுங்கள்.

பலன்? வந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பு ஒரு பிளவுஸ் முடிவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன். இப்போது ஒன்றரை பிளவுஸ் தாங்குகிறது. கால் இழுப்பு கணுக்கால் வரை போவதில்லை, கெண்டைக்காலோடு நிற்கிறது, அதுவும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பதினாலு நாள் மெஷின் பக்கமே போகாமல் இருந்தது இதில் எவ்வளவு, எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியை அங்கே தினமும் விடாமல் செய்தது எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் கத்தரி இல்லை. எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள், பின்வீட்டுச் சாவியை மட்டும் கழிக்க முடியாது. அதற்கு ஒரு நகல் போட்டு மெஷின் மேஜையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஆள் நின்றாலும் எழுந்து போய்விடுகிறேன். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது.

மறுபடி போவேனா? டாக்டரம்மா அங்கே இருந்தால் அடுத்த ஆடிக்குப் போவேன். பைசா கொடுக்கும் முன்பே சமையலறையில் பேசிவிடுவேன், மருந்துப் பையை அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பேன். நீங்கள் போவதென்றால் பழைய கட்டடத்தில் அறை கேளுங்கள். புதுக் கட்டடத்தில் ஜன்னலை ஒட்டியே ஜெனரேட்டர். கூடவே பழைய நைட்டி நாலு எடுத்துப் போங்கள். அந்த எண்ணெய்க் கறை எந்த சோப்புக்கும் போகாது, துணி தெரிந்தவள் சொல்கிறேன்.